விளக்கு ஸ்டிக்கர்

மேசையில் விட்டுப்போன காகிதக் கோப்பையைத் தொட்டதுமே சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது, அதிலிருந்த ஸ்டிக்கரை யாரும் உரிக்கவில்லை என்று. கோப்பை வியர்த்துப்போனால் ஸ்டிக்கரின் ஓரம் கோபித்துக்கொண்ட பிள்ளையின் உதடு மாதிரி பிதுங்கி நிற்கும். தட்டை இடுப்பில் அணைத்தபடி குப்பைத் தொட்டிக்கு நடக்கிற நாலு எட்டுக்குள் கட்டைவிரலால் நெம்பி உள்ளங்கையில் வாங்கிவிடுவாள். பன்னும் வறுத்த உருளைக்கிழங்கும் விற்கிற அந்தக் கடையில் துடைக்கிற, கழுவுகிற ஆட்கள் எல்லாருக்கும் இந்த வித்தை கைவந்திருந்தது. சக்கரம், சீட், விளக்கு என்று மூன்று ஸ்டிக்கர் படம் சேர்த்தால் ஒரு ஸ்கூட்டர் பரிசு. சக்கரமும் சீட்டும் கோப்பைக்குக் கோப்பை வரும். விளக்குதான் வராது. விளக்கில்லாத ஸ்கூட்டர் ஊருக்கே இருக்கிறது என்று அடுப்பில் நிற்கிறவள் சிரிப்பாள். அன்றைக்கு, அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாதியில் எழுந்துபோன ஒருத்தியின் கோப்பையில் விளக்கு இருந்தது. சின்னவள் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு பார்த்தாள். பிறகு அதைக் கைபேசி உறைக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்து, ஒன்றும் நடக்காதவள் போலக் கண்ணாடிக் கதவைத் துடைத்தாள்.

கிடைத்தென்ன, கொடுக்க முடியாது. கடையில் வேலை பார்க்கிறவர்கள், அவர்கள் கட்டியவர்கள், பெற்றவர்கள், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள் யாருக்கும் பரிசு கிடையாது என்று சுவரிலேயே ஒட்டியிருந்தார்கள். வீட்டில் புருஷன் மல்லாக்கப் படுத்தபடியே அந்தத் துண்டுக் காகிதத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தான். மூட்டை சுமந்தவன். ஒரு நாள் லாரியிலிருந்து இறங்கும்போது முதுகு மளுக்கென்று போனது. அதற்கப்புறம் குனிந்து ஒரு செம்பைத் தூக்க முடியவில்லை. உட்கார்ந்தபடி வண்டி ஓட்டலாம், வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஆனால் அந்த வேலைக்கு வண்டி சொந்தமாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரனிடம் கொடுக்கலாமா என்று அவள் கேட்டாள். வண்டி அவன் பேருக்குப் போய்விட்டால் அப்புறம் அவன் எங்கேயோ நாம் எங்கேயோ என்றான். பிறகு அவனே ஒரு வழி சொன்னான்.

"உங்கக்காகிட்ட போ. நீ தனக்கு யாருமே இல்லன்னு பத்துப் பேர் முன்னால சொன்னவதானே அவ. சொந்தக்காரங்க உண்டான்னு கம்பெனியில கேட்டா, இல்லன்னு சொல்றது அவளுக்குப் பொய்கூட இல்ல."

அவன் சிரிக்க முயன்றான். முதுகு விடவில்லை.

பெரியவள் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிறவள். அம்மா படுத்த படுக்கையானதிலிருந்து கடைசி மூச்சு வரை அள்ளிக் கொட்டியது அவள்தான். அம்மா போன அன்று சின்னவள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். வேலையை முடித்துவிட்டுத்தான் வர முடிந்தது என்று சின்னவள் சொன்னதை, பெற்றவளைவிட உனக்கு அந்தத் தரை பெரிசாகிவிட்டதா என்று பெரியவள் எல்லார் முன்னிலையிலும் கேட்டாள். இனி நீ எனக்கு யாருமே இல்லை என்றாள். அத்தோடு முறிந்தது. அதற்கப்புறம் தெருவில் கண்டால் ஆளுக்கொரு ஓரமாகப் போனார்கள். ஆனாலும் ஒன்று சின்னவளுக்குத் தெரியும். அக்கா பேசமாட்டாள், சபிப்பாள். அடுத்தவர் பொருளைத் தொடமாட்டாள்.

போனபோது பெரியவள் உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வாசல்படியில் வைத்தாள். சலவைச் சோடா தின்ற அவள் விரல்கள் வெந்த கிழங்கு மாதிரி வெளுத்திருந்தன. சின்னவள் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடிக்கிற வரைக்கும் அந்தப் பக்கச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இழவுக்கு வர நேரமில்ல. ஸ்கூட்டருக்கு வர நேரமிருக்கு."

வாயைத் திறந்தால் சின்னவளுக்கு அழுகைதான் வரும், அதையும் ஸ்கூட்டருக்கான அழுகை என்றுதான் அக்கா நினைப்பாள். தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தாள். அப்போது பெரியவள் கையை நீட்டினாள்.

"குடுத்துட்டுப் போ. உனக்காக இல்ல. அந்த மனுஷன் முதுகுக்காக."

ஒரு வாரம் போல ஒரு தகவலும் இல்லை. பிறகு ஒரு மதியம் பெரியவள் போனில் கூப்பிட்டாள். கம்பெனி ஆபீசுக்குப் போனேன், சொந்தக்காரர் யாராவது இங்கே வேலை பார்க்கிறார்களா என்று கேட்டார்கள், இல்லை என்றேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். எங்கே, எப்போது வண்டி தருவார்கள் என்று சின்னவள் கேட்பதற்குள் சத்தம் அறுந்துவிட்டது.

ஸ்டிக்கர் கிடைத்த கடையிலேயே வைத்துச் சாவி கொடுத்துப் படம் எடுப்பார்கள் என்பது வண்டி கொடுக்கிற அன்று காலை சின்னவள் வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. வாசலில் ரிப்பன் சுற்றி ஸ்கூட்டர் நின்றது. கண்ணாடியை ஒட்டிய மேசையில் பெரியவள் உட்கார்ந்திருந்தாள், நல்ல புடவையில், முழங்கைகளை உடம்போடு ஒடுக்கிக்கொண்டு. எதிரே ஒரு தட்டு நிறையத் தின்பண்டம். எதையும் தொடவில்லை. சின்னவள் துடைப்பானைத் தள்ளிக்கொண்டு அந்த மேசையைச் சுற்றிப் போனாள். ஒரு வார்த்தை பேசினால் போதும், அக்கா என்று ஒரு சொல் வாயிலிருந்து விழுந்தால் போதும், வண்டியும் போகும், வேலையும் போகும். மேனேஜர் சின்னவளைவிட வயதில் குறைந்தவன், கழுத்துப்பட்டி கட்டியவன். இங்கே அடிக்கடி வருவீர்களா என்று பெரியவளிடம் பல்லெல்லாம் தெரியக் கேட்டான். ஒரே ஒரு தடவைதான் வந்தேன் என்றாள் பெரியவள். உங்களுக்கு யோகம்தான் என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அடுப்பில் நிற்கிறவள் வந்து அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள். வீட்டில் அவள் குழந்தைக்கு வலிப்பு வந்திருக்கிறதாம், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்களாம், போகட்டுமா என்றாள்.

மேனேஜர் திரும்பினான். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, குரல் மட்டும் தணிந்தது.

"போ. போறதுன்னா கடைச் சட்டையைக் கழட்டி வச்சிட்டுப் போ. திரும்பி வராத."

அம்மா போன அன்றும் இதே சிரிப்போடு இதே வார்த்தையைத்தான் சின்னவளிடம் சொன்னான். அடுப்புக்காரி சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கொதிக்கிற எண்ணெய்க்குத் திரும்பிப் போனாள். பெரியவள் அவள் போவதையே பார்த்தாள். அப்புறம் தலையைத் திருப்பி, உள்ளே வந்ததிலிருந்து முதல் தடவையாகத் தங்கையை நேராகப் பார்த்தாள். சின்னவள் சட்டென்று தரையைப் பார்த்தாள். அந்தப் பார்வையை வைத்துக்கொண்டு நின்றால் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

போட்டோக்காரர் கோப்பையைக் கையில் பிடிக்கச் சொன்னார். பெரியவள் பார்க்காமலே கையை நீட்டினாள். கோப்பை சரிந்தது, சிவப்புக் குளிர்பானம் மேசையிலிருந்து வழிந்து தரையில் சொட்டியது. மேனேஜர் விரலைச் சொடுக்கினான். இங்கேயே நிற்கிறவளுக்கு இதுகூடக் கண்ணில் படவில்லையா, கண் எங்கே மேயப் போயிருக்கிறது என்று எல்லாரும் கேட்கச் சத்தம் போட்டான். சின்னவள் கந்தையோடு முழங்கால் போட்டு மேசைக்கடியில் நுழைந்தாள். மேலிருந்து ஒரு வெளுத்த கை தானாகவே கந்தையை வாங்க இறங்கியது. சின்னவள் தலையை ஆட்டினாள். கை அந்தரத்தில் நின்று, மெல்ல மேலே போனது.

"கொஞ்சம் சிரிங்கம்மா," மேலே போட்டோக்காரரின் குரல் கேட்டது. "ஆமா, தனியாவா வந்தீங்க? கூடப்பொறந்தவங்க, சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தா பக்கத்துல நிக்கச் சொல்லுங்க. படம் பார்க்க நல்லாருக்கும்."

மேனேஜர் சாவிக்கொத்தை ஆட்டுகிற சத்தம் கேட்டது. சின்னவள் துடைப்பதை நிறுத்தி, ஈரத் தரையில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டாள். எதிரே அக்காவின் வலது கால் செருப்பைவிட்டு வெளியே வந்தது. வெடித்த குதிகால், தண்ணீரிலேயே நின்று ஊறிப்போன விரல்கள். அது தரையில் தடவிக்கொண்டே வந்து, அவள் புறங்கையின் மேல் ஏறி உட்கார்ந்து அழுத்தியது.

"என்னம்மா, யாராச்சும் இருக்காங்களா?"

கால் நகரவில்லை. சிவப்புத் தண்ணீர் மேசை விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி, அந்தக் காலையும் கையையும் சுற்றித் தேங்கிக்கொண்டிருந்தது.