உப்பு டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்ட்

எங்கள் கல்லூரியின் முன்கதவில் நீளமான கைப்பிடி ஒன்று இருக்கிறது. பார்த்தாலே பிடித்து இழுக்கத் தோன்றும். ஆனால் தள்ளினால்தான் திறக்கும். அதனால் மேலே ‘தள்ளவும்’ என்று ஒரு தாளை ஒட்டி வைத்திருக்கிறார்கள். வடிவமைப்பு சொல்லித் தருகிற இடத்துக்கே இந்தக் கதி. மூன்று வருடமாக நான் அதை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

இந்தப் படிப்பு ஒரு வியாதி. உட்கார்ந்தால் எழுந்தால் எதிலாவது குறை கண்ணில் படும். மருந்துக்கடைப் பலகையில் ஏழு நிறம், அதில் மருந்து என்ற சொல்தான் எல்லாவற்றிலும் சின்னது. பேருந்தில் நிறுத்தங்களின் பட்டியலை, ஓட்டுநரின் தலை சரியாக மறைக்கிற இடமாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஷாம்பு பாக்கெட்டில் ‘இங்கே கிழிக்கவும்’ என்று போட்டிருக்கும் இடத்தில் மட்டும் கிழியாது. இதையெல்லாம் யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும் போல இருக்கும். வகுப்பில் ஆளுக்கொரு கூட்டம். நான் எந்தக் கூட்டத்திலும் இல்லை, எப்படி விடுபட்டேன் என்றும் தெரியவில்லை. ஆகவே எல்லாம் நோட்டுக்குள் போகும்.

வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அக்காவின் பிரசவத்துக்கு என்று வெளியூர் போன அம்மா, அந்தக் குழந்தை ஓடி விளையாட ஆரம்பித்த பிறகும் திரும்பவில்லை. அக்கா வேலைக்குப் போகிறாள், பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. தினமும் சாயங்காலம் போன் வரும். சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்பாள். நான் சாப்பிட்டேனா என்று அப்பாவைக் கேட்பாள். எங்கள் வீட்டில் அன்றைக்கான பேச்சு அதோடு தீர்ந்துவிடும்.

அப்பா ஒரு நட்டு போல்ட்டு கடையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறார். அவர் எப்போதுமே பேச்சு குறைவுதான். அது எனக்குப் பழக்கம். ஆனால் ஒரு வருடமாகப் புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. நான் எதிரில் போய் நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். முழுதாக இல்லை, லேசாக, ஜன்னல் பக்கம். நான் பேசி முடிக்கும்வரை அப்படியே இருப்பார். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காத அளவுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று யோசித்து யோசித்து எனக்கு அலுத்துவிட்டது. கேட்கவும் வாய் வரவில்லை.

நான் வரைந்ததைக் காட்டினால் “நல்லாருக்கு” என்பார். சுவரொட்டிக்கும் அதே நல்லாருக்கு, சோப்பு உறைக்கும் அதே நல்லாருக்கு. ஒருநாள் எனக்குக் கோபம் தலைக்கேறி, தாளைத் திருப்பி வெறும் வெள்ளைப் பக்கத்தைக் காட்டினேன். அதற்கும் நல்லாருக்கு என்றார். மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை. அவர் அதைக் கவனித்தாரா என்றுகூடத் தெரியவில்லை.

இந்த நிலையில்தான் கடைசிப் பருவத்தின் வேலை வந்தது. கொடுத்தவர் எங்கள் ஆசிரியை. எதை எடுத்துப் போனாலும் இடைவெளி போதாது என்பார், அதனால் மாணவர்களுக்குள் அவர் பெயர் இடைவெளி மேடம். உங்கள் வீட்டில் கண்ணை உறுத்துகிற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், சரிசெய்யுங்கள், முன்பு எப்படி இருந்தது, பின்பு எப்படி ஆனது என்று இரண்டையும் கண்காட்சியில் வையுங்கள் என்றார். சனிக்கிழமை கண்காட்சி. வீட்டிலிருந்து ஒருவரையாவது அழைத்து வர வேண்டும்.

என் வீட்டில் உறுத்துவதற்கு என்ன பஞ்சம்? சமையலறை ஒன்று போதும். பிஸ்கட் டப்பா, பால் பவுடர் டப்பா, பறவைப் படம் போட்ட நீல டப்பா என்று ஒன்றோடு ஒன்று சேராத பன்னிரண்டு டப்பாக்கள். போதாக்குறைக்கு அப்பா அவற்றில் ரப்பர் பேண்ட் மாட்டி வைத்திருந்தார். ஒன்றில் ஒன்று, ஒன்றில் இரண்டு, சிலவற்றில் மூன்று, ஒன்றில் குறுக்காக. அடுப்புக் குமிழில் கறுப்பு டேப்பை மொத்தமாகச் சுற்றியிருந்தார். வீட்டுச் சாவியில் நூல், அவருடைய துண்டின் மூலையில் ஒரு முடிச்சு. எல்லாம் இந்த ஒரு வருடத்தில் முளைத்தவை. கடையில் நாள் முழுக்க எதையாவது கட்டிக் கட்டிப் பழகிய கை வீட்டிலும் சும்மா இருக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நோட்டில் ‘வீட்டு விகாரங்கள்’ என்று தலைப்புப் போட்டுப் பட்டியலே எழுதினேன்.

அப்பா வந்து இதை நின்று பார்க்க வேண்டும். அவர் புழங்குகிற சமையலறை, அவருடைய டப்பாக்கள், இதற்கும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஒரு நல்லாருக்கு சொல்லிவிட முடியாது. மதிப்பெண் எப்படியோ போகட்டும். எனக்கு வேண்டியிருந்தது இதுதான்.

திங்கட்கிழமை எனக்கு விடுமுறை. அப்பா கடைக்குப் போனதும் ஆரம்பித்தேன். முதலில் பழைய டப்பாக்களைப் படம் எடுத்தேன். படத்தில் இன்னும் கொஞ்சம் அசிங்கமாகத் தெரியட்டும் என்று நீல டப்பாவில் கூடுதலாக ஒரு ரப்பர் பேண்டை நானே மாட்டிவிட்டேன். எங்கள் வகுப்பில் எல்லோரும் செய்கிற திருட்டுத்தனம்தான், முன்பு எவ்வளவு மோசமோ பின்பு அவ்வளவு அழகு. பிறகு, வாங்கி வந்த பன்னிரண்டு வெள்ளை டப்பாக்களில் எல்லாவற்றையும் மாற்றினேன். ஒரே அளவு, ஒரே மூடி. பெயர்களை வெளிர் சாம்பல் நிறத்தில், மெல்லிய எழுத்தில், டப்பாவின் கீழ் மூலையில் ஒட்டினேன். வரிசை முழுசாக இருக்கட்டும் என்று துணி சோப்புத் தூளையும் அதே மாதிரி டப்பாவில் போட்டுப் பக்கத்தில் வைத்தேன். அடுப்புக் குமிழின் டேப்பை உரித்துத் துடைத்தேன். அந்த அறை அப்போது பத்திரிகையில் வருகிற வீடு மாதிரி இருந்தது. பழைய டப்பாக்களை ரப்பர் பேண்டுகளோடு கழுவிக் கண்காட்சிக்காகக் கல்லூரியில் கொண்டுபோய் வைத்தேன். படங்களைப் பார்த்த இடைவெளி மேடம், இப்போதுதான் மூச்சு விட முடிகிறது என்றார். மூன்று வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அப்போதுதான்.

அப்பா சாயங்காலம் வந்து சமையலறை வாசலில் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். கையை நீட்டி ஒரு டப்பாவைத் தொட்டார், அடுத்ததைத் தொட்டார், வரிசை முடியும்வரை தொட்டுக்கொண்டே போனார்.

“நல்லாருக்கு,” என்றார்.

மறுநாள் காலை அவர் போட்டுக் கொடுத்த டீயில் உப்பு. ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினேன். எதிரே அவர் தன் டம்ளரை முகம் சுளிக்காமல் குடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே, இப்படியா குத்திக்காட்டுவது என்று கத்தினேன். கவனிக்காமல் போட்டுவிட்டேன் என்றார், ஜன்னலைப் பார்த்தபடி. சனிக்கிழமை நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பேருந்தில் போகும்போது அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

புதன்கிழமை அவர் டீயே போடவில்லை. நெஞ்சு எரிச்சலாக இருக்கிறதாம்.

வியாழக்கிழமை சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். சமையலறையில் தண்ணீர் சத்தம். அப்பா தொட்டியில் குனிந்து வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் நுரை. மேடையில் பன்னிரண்டு டப்பாக்களும் மூடி திறந்தபடி இருந்தன, சோப்புத் தூள் டப்பாவும் திறந்திருந்தது. ஒவ்வொன்றாக விரலை விட்டு ருசி பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. ஏன் என்றுதான் புரியவில்லை.

“என்னப்பா இது? டப்பா மேலதான் எழுதியிருக்கேனே.”

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“எழுதியிருக்கியா? எங்கம்மா எழுதியிருக்க?”

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். அவர் கையில் இருந்த டப்பாவின் எழுத்து அவர் கட்டைவிரலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

பிறகு மேடையோரம் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பதினான்கு மாதமாகிறதாம். கண்ணின் நடுவில் ஒரு கறுப்பு விழுந்து, அது பெரிதாகிக்கொண்டே போகிறது. ஓரத்தில் இருப்பது தெரியும், நடக்க முடியும், படிக்க முடியாது. இனி திரும்ப வராது, ஓரப் பார்வை மட்டும் நிற்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையில் போல்ட்டின் மேல் கட்டைவிரலை வைத்தாலே எட்டாம் நம்பரா பத்தாம் நம்பரா என்று தெரிந்துவிடுவதால் வண்டி ஓடுகிறது. அம்மாவிடம் சொன்னால் அழுதுகொண்டு ஓடி வருவாள், அங்கே அக்கா தனியாகத் தவிப்பாள். அதனால் சொல்லவில்லை.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ படிக்கிறதே பாக்கிற படிப்பு. ஆசை ஆசையா கொண்டாந்து காட்டற. உங்கிட்டப் போய் எனக்குத் தெரியலைன்னு எப்படிச் சொல்றது?”

வெள்ளைத் தாளைக் காட்டியது ஞாபகம் வந்தது. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வேறு ஒன்றைக் கேட்டேன். இப்போதும் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள் என்றேன். அப்போதும் அவர் ஜன்னல் பக்கமாகத்தான் திரும்பியிருந்தார்.

“நேரா பாத்தா உன் மூஞ்சி இருக்கற எடத்துல கறுப்புதாம்மா தெரியுது. இப்படித் திரும்பினாத்தான் கொஞ்சமாவது உன்னப் பாக்க முடியுது.”

நான் அழுதேன். வடிவமைப்பில் முதல் பாடமே, யார் பயன்படுத்துகிறார்களோ அவர்களைக் கவனி என்பதுதான். அந்தப் பாடத்தில் நான் முதல் மதிப்பெண் வாங்கியவள். ஒரே வீட்டில் பதினான்கு மாதம் எதிரில் நின்றிருந்தேன், என்னைப் பார்ப்பதற்காகத் திரும்பியவரை என்னை வெறுக்கிறவர் என்று நினைத்தேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

இருட்டுவதற்குள் இருவரும் சேர்ந்து வெள்ளை டப்பாக்களுக்கு ரப்பர் பேண்ட் மாட்டினோம். அவர் சொல்லச் சொல்ல நான் மாட்டினேன். உப்புக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு, டீத்தூளுக்குக் குறுக்காக ஒன்று. சோப்புத் தூளை வெளியே துவைக்கிற இடத்துக்கே அனுப்பினேன். அடுப்புக் குமிழில் டேப் சுற்றினேன். அம்மாவிடமும் கடை முதலாளியிடமும் தானே சொல்லிக்கொள்வதாக அப்பா சொன்னார். சனிக்கிழமை கட்டாயம் வர வேண்டும் என்று சொன்னேன். நான் வந்து என்னத்தப் பார்க்கப் போகிறேன் என்றார். பார்க்க வேண்டாம், வந்தால் போதும் என்றேன்.

வெள்ளிக்கிழமை போய் என் மேசையை மாற்றினேன். படங்களைக் கழற்றினேன். பழைய டப்பாக்களை மட்டும் அடுக்கி, நீல டப்பாவில் உப்பு, பிஸ்கட் டப்பாவில் சர்க்கரை என்று நிறத்தைப் பார்த்து அந்தந்தப் பொருளை நிரப்பினேன். இரண்டு பேண்ட் என்றால் சர்க்கரை, கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள் என்று ஓர் அட்டை எழுதி வைத்தேன். இதில் உன் வேலை எங்கே இருக்கிறது என்று இடைவெளி மேடம் கேட்டார். இது நான் செய்தது இல்லை, என் அப்பா செய்தது, நான் கெடுத்தேன் என்றேன். அவர் அடுத்த மேசைக்குப் போனார்.

சனிக்கிழமை அப்பாவும் நானும் பேருந்தில் போனோம். நிறுத்தங்களின் பட்டியலைப் பற்றியும் ஷாம்பு பாக்கெட்டைப் பற்றியும் வழி நெடுகச் சொன்னேன். ஷாம்புக்கு மட்டும் கொஞ்சம் சிரித்தார். முன்கதவில் நான் வழக்கம்போலக் கைப்பிடியை இழுப்பதற்குள் அவர் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கூட்டமெல்லாம் மற்ற மேசைகளில்தான். என் மேசைக்கு எதிரில் இடைவெளி மேடமும் இரண்டு மாணவர்களும் மட்டும் நின்றிருந்தார்கள். அப்பா டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்தார். விரலால் பேண்டைத் தடவினார், காதோரம் வைத்துக் குலுக்கினார், வைத்தார். நீல டப்பாவில் மட்டும் நின்றார். மறுபடி தடவினார், மறுபடி குலுக்கினார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, என்னைப் பார்த்தார்.

“இது நல்லால்லம்மா,” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. “உள்ள உப்பு இருக்கு. மேல ரெண்டு பேண்ட் மாட்டி வெச்சிருக்க.”

நான் மாட்டியதுதான். படத்துக்காக மாட்டிவிட்டு மறந்தே போயிருந்தேன். என் கையில் கொடுத்து ஒன்றைக் கழற்றச் சொன்னார். கழற்றிக் கொடுத்தேன். தடவிப் பார்த்தார்.

“இப்ப நல்லாருக்கு.”