முழு அனுமதி

காலை வேளையில் அந்த மருத்துவமனையின் வரவேற்புக் கூடம் சந்தைக்கடை போல இரைந்துகொண்டிருக்கும். அன்று அந்த இரைச்சலையும் மீறி ஒரு குரல் எழுந்தது. புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி, பக்கத்தில் தலைகுனிந்து நின்ற கணவனைக்கூடப் பார்க்காமல், வரவேற்பாளரிடம் கேட்டாள்.

"எனக்கு வலிப்பு இருக்குன்னு டாக்டருக்கும் எனக்கும் இவருக்கும்தான் தெரியும். எவனோ ஒருத்தன் என் மாமனாருக்கு ஃபோன் பண்ணி, உங்க மருமகளோட வலிப்புக்கு எங்ககிட்ட மருந்து இருக்குங்கிறான். அவனுக்கு யாருங்க சொன்னது?"

அவள் மட்டுமல்ல, அந்த வாரம் இப்படி வந்து அழுதவர்கள் பலர். நோயாளிகளின் விவரம் எங்கிருந்தோ ஒழுகிக்கொண்டிருந்தது. நிர்வாக மேலாளருக்கு யார் மீதாவது கையைக் காட்டியாக வேண்டும். விவரங்களைக் கணினியில் ஏற்றுகிறவள் வரவேற்பாளர். இந்தச் சம்பளத்தில் குடும்பம் ஓட்ட முடியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னவளும் அவள்தான். அது போதாதா? மதியத்துக்குள் எல்லார் முன்னிலையிலும் அவளுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்.

"சாயங்காலம் போலீஸ்ல புகார் குடுக்கப் போறேன். அதுக்குள்ள இவ கம்ப்யூட்டர்லருந்துதான் போச்சுன்னு ஒரு ரிப்போர்ட் எடுத்து வைங்க" என்று நெட்வொர்க் பொறியாளரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பொறியாளருக்கு மருத்துவமனையில் 'சல்லடை' என்று பெயர். எதையும் சலித்துப் பார்க்காமல் நம்பமாட்டாள் என்று யாரோ கேலியாக வைத்தது. அவளுக்கே அது பிடித்துப்போய், இப்போது தொலைபேசியை எடுத்தால்கூட "சல்லடை பேசறேன்" என்பாள்.

அவள் அறைக் கதவோரம் வரவேற்பாளர் வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"நான் செய்யலக்கா."

"செஞ்சியா இல்லையான்னு நான் உன்னைக் கேக்கவே இல்ல. கேக்க வேண்டியதைக் கேக்கப் போறேன். உக்காரு."

கேட்க வேண்டியது ஃபயர்வால். ஒரு பிரிவின் கணினிகளுக்கும் இன்னொரு பிரிவுக்கும் நடுவே, உள்ளே இருக்கும் கணினிகளுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே நிற்கும் காவல்காரன் அது. எந்தக் கணினி, எங்கே பேசியது, எவ்வளவு அனுப்பியது, விட்டேனா தடுத்தேனா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி வைக்கும். ஏதாவது கோளாறு என்றால் மட்டும் எட்டிப்பார்க்கும் அந்தப் பதிவுகளைச் சல்லடை இன்றுதான் முழுதாகத் திறந்தாள். திரையில் வரிகள் அருவியாகக் கொட்டின. லட்சக்கணக்கில்.

பிறந்த குழந்தைகள் அறையிலிருந்து செவிலியர் மேசைக்கு ஓயாமல் போய்க்கொண்டிருந்த வரிகள், அந்தப் பிஞ்சுகளின் இதயத் துடிப்பு. ஆய்வகத்திலிருந்து மருந்தகத்துக்கு, மருந்தகத்திலிருந்து வார்டுக்கு. எங்கோ தூரதேசத்தில் இருக்கும் மகனோடு மூன்றாம் மாடியில் யாரோ வீடியோவில் பேசுகிறார்கள். கூடவே, உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் முகம் தெரியாதவர்கள் வாசல் கதவைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அத்தனைக்கும் 'தடுக்கப்பட்டது', 'தடுக்கப்பட்டது' என்று சலிக்காமல் எழுதியிருந்தது காவல். இவ்வளவும் இந்தச் சுவர்களுக்குள் நடந்துகொண்டிருக்க, நாம் பாட்டுக்குக் கேன்டீனில் காபி ஆறிவிட்டது என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோமே என்று நினைத்தாள். வரவேற்பாளரும் அழுகையை மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் நம்ம ஆஸ்பத்திரியா அக்கா?"

"ஆமா. உயிரோட இருக்கில்ல?"

சலிக்கத் தொடங்கினாள். தடுக்கப்பட்ட வரிகளை முதலில் ஒதுக்கினாள், உள்ளே வராதவன் எதையும் எடுத்துப் போயிருக்க முடியாது. பிறகு வரவேற்புக் கணினியின் வரிகளை மட்டும் தனியே நிறுத்தினாள். எல்லாம் உள்ளேயே போய் உள்ளேயே முடிந்திருந்தன.

"உன் கம்ப்யூட்டர் வாசல் தாண்டினதே இல்ல. தாண்ட அதுக்கு அனுமதியே கிடையாது."

வரவேற்பாளர் கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்படியானால் யார்? வெளியே போனவற்றுள் பெரிய மூட்டைகளைப் பார்த்தாள். வழக்கமான ஸ்கேன் படங்கள், சேமிப்புப் பிரதிகள். தெரிந்த முகவரிகளையெல்லாம் நீக்கினாள். திரையில் வரிகள் குறையக் குறைய, ஆற்று நீர் வற்றி அடிமணல் தெரிவது போல ஒன்று மெல்ல எழுந்து வந்தது. சின்னச் சின்னப் பொட்டலங்கள். ஒரே கணினியிலிருந்து, யாரும் கேள்விப்படாத ஒரே முகவரிக்கு. இரண்டு பொட்டலங்களுக்கு நடுவே எப்போதும் ஒரே இடைவெளி. சாப்பாட்டு நேரம் இல்லை, தூக்கம் இல்லை. மனிதர்கள் இப்படிச் சீராகப் பேசமாட்டார்கள். உள்ளே ஏதோ வேவு மென்பொருள் ஒட்டுண்ணி போல உட்கார்ந்து சொட்டுச் சொட்டாக உறிஞ்சிக்கொண்டிருந்தது. எத்தனை பொறுமை அதற்கு! பயத்தோடு வியப்பும் சேர்ந்துகொண்டது.

காவல் ஏன் இதைத் தடுக்கவில்லை? வரியின் கடைசியில் விடை இருந்தது. இன்ன விதிப்படி விட்டேன் என்று எழுதியிருந்தது. விதியின் பெயர் 'முழு அனுமதி'. அவள் வேலைக்குச் சேருவதற்கு முன்பே, ஒரே ஒரு கணினிக்காகப் போடப்பட்ட விதி.

தலைமை மருத்துவரின் அறைக் கணினி அது.

சல்லடையின் தங்கையுடைய இதயத்தைத் திறந்து, தைத்து, உயிரோடு திருப்பிக் கொடுத்தவர் அவர்.

மேலாளரிடம் காட்டியபோது அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"செஸ் விளையாடுற சைட்டு திறக்கலைன்னாரு. பெரியவர் கேட்டா முடியாதுன்னு சொல்லவா முடியும்? நான்தான் திறந்துவிடச் சொன்னேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இத்தனை வரியை வடிகட்டினீங்கல்ல? அந்த ஒரு கம்ப்யூட்டரையும் சேர்த்து வடிகட்டிடுங்க. அவர் பேரு வெளிய வந்தா ஆஸ்பத்திரி பேரே போச்சு. அந்தப் பொண்ணுக்கு வேற எங்கயாவது வேலை கிடைக்காமலா போயிடும்?"

"திருட்டுப் பட்டத்தோடயா சார்?"

அவள் நேராகப் படியேறித் தலைமை மருத்துவரின் அறைக்குப் போனாள். அவர் அறுவைச் சிகிச்சை முடிந்து அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். கணினியில் பாதி ஆட்டத்தில் நின்ற சதுரங்கப் பலகை. அந்தத் தளத்திலிருந்து இலவசம் என்று இறக்கிய விளையாட்டு. வேவுக்காரன் அதற்குள் ஒளிந்துதான் வந்திருந்தான். அவருடைய கடவுச்சொல்லுக்கு எல்லா நோயாளிகளின் விவரமும் திறக்கும் என்பதால் வந்தவனுக்குக் கொள்ளை வேட்டை.

அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் இமைக்கவில்லை. பிறகு அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, வரி வரியாகப் பார்த்தார்.

"இதுல என் பேரு எங்கம்மா?"

"பேரெல்லாம் இருக்காது டாக்டர். நம்பர் மட்டும்தான். உங்களுதும் வரவேற்புலருக்கிற பொண்ணோடதும் ஒரே மாதிரிதான் எழுதியிருக்கும்."

"ஒரே எழுத்து, ஒரே அளவு..." என்று முணுமுணுத்தார். "யாரு பெரியவன்னு இதுக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாது டாக்டர். நாமதான் சொல்லிக்குடுத்தோம்."

அந்தப் பெரிய மனிதரின் கண்கள் கலங்குவதை அவள் முதன்முறையாகப் பார்த்தாள். கத்துவார், மறுப்பார் என்று எதையெதையோ எதிர்பார்த்து வந்தவள் அவள். அவரோ கணினியின் கம்பியைத் தன் கையாலேயே பிடுங்கிவிட்டு, "அந்தப் பொண்ணு எங்க இருக்கா?" என்றார்.

சல்லடையின் அறையில் காத்திருந்த வரவேற்பாளர், வாசலில் தலைமை மருத்துவரைக் கண்டதும் எழுந்து நின்றாள். அவர் கைகூப்பினார்.

"என்னை மன்னிச்சிடும்மா. தப்பு என்னோடது."

அவள் பின்வாங்கவில்லை. "அட்டையை எல்லார் முன்னாடியும்தான் பிடுங்கினாங்க டாக்டர். மன்னிப்பை மட்டும் இந்த ரூமுக்குள்ள வெச்சுக் கேக்கறீங்களே?"

தலைமை மருத்துவர் ஒப்புக்கொண்டு தலையாட்டினார்.

வரவேற்புக் கூடத்தில் ஊழியர்கள் கூடினார்கள். நோயாளிகளும் விலகவில்லை. கூட்டத்தின் ஓரம் மேலாளர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டிருந்தார். தலைமை மருத்துவர் அவரிடமிருந்து அடையாள அட்டையை வாங்கி வரவேற்பாளரின் கையில் கொடுத்துவிட்டுப் பேசினார்.

"உங்க நோய் விவரமெல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாத்தான் வெளிய போச்சு. இந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல. போலீஸ்கிட்ட நானே போய் இதைச் சொல்லப் போறேன். அதுக்கு முன்னாடி, காலைல வந்து அழுதாங்களே, அந்தம்மா வீட்டுக்குப் போய் அவங்க மாமனார்கிட்டப் பேசறேன். வலிப்புங்கறது மறைக்க வேண்டிய குத்தம் இல்லைன்னு சொல்லணும். மத்தவங்க வீட்டுக்கும் போவேன்."

கூடத்திலிருந்த சின்னக் குழந்தைகூட அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கை கழுவாம நான் ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போனா, அங்க கடைநிலை ஊழியர்கூட என்னைத் தடுத்து நிறுத்துவாரு. நிறுத்தணும். கிருமிக்கு நான் யாருன்னு தெரியாது. ஆனா இந்தக் கம்ப்யூட்டர் விஷயத்துல, எனக்கெதுக்கு சட்டம்னு நான் கேட்டேன், நீங்களும் குடுத்துட்டீங்க. ஒண்ணு நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க. பெரியவங்களுக்குன்னு தனி வாசல் திறந்து விட்டா, திருடனும் அந்த வாசல் வழியாத்தான் வருவான். பழி மட்டும் சின்னவங்க தலைல வந்து விழும். இனிமே இங்க யாருக்கும் முழு அனுமதி கிடையாது. முதல்ல எனக்கு."