நவமணியின் இடுப்புக் கயிறு

கடலில் ஆராய்ச்சியாம்! தரையில் இருப்பதையெல்லாம் படித்துத் தீர்த்துவிட்டாள் போலிருக்கிறது என் தங்கை நவமணி. பினாங்கில் பல்கலைக்கழகம், இரண்டாம் ஆண்டு. நீண்ட விடுமுறையில் பங்கோர் தீவுப் பக்கம் பவளப் பாறைகளை ஆராய மாணவர்களைச் சேர்க்கிறார்கள் என்று எழுதிப் போட்டாள். எடுத்தும் விட்டார்கள்.

வீட்டில் ஒரே ஒப்பாரி. எங்கள் தம்பி சீனியை ஈயச் சுரங்கக் குட்டைக்கு வாரிக் கொடுத்தவள் அம்மா. அவளுக்குத் தண்ணீர் என்றாலே நெஞ்சு அடைக்கும்.

“செல்லாயி கூடப் போவணும். இவ இடுப்புல கயிறு கட்டி அவ பிடிச்சிக்கணும். பயமா இருந்துச்சா, அந்த நிமிசமே இழுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்துடணும்” என்றாள் என்னைக் காட்டி. மாட்டுக் கயிற்றையும் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

ஈப்போ பிஸ்கட் ஆலையில் லீவு சொல்லிவிட்டு நான் நவமணியோடு லூமுட் துறையில் படகு ஏறினேன். எனக்கோ நீச்சல் தெரியாது.

யாழ்ப்பாணத் தமிழ் பேசும் விரிவுரையாளர் இராஜசிங்கம் கயிற்றைப் பார்த்து முகம் சுளித்தார். “உது பாறையில சிக்குமே, தங்கச்சி.”

“கயிறு இல்லேன்னா இவளும் இல்ல சார். இப்பவே கூட்டிக்கிட்டுப் போறேன்.”

“அப்ப ஆழமில்லாத இடத்தில மட்டும்” என்று விட்டுக்கொடுத்தார்.

நவமணி நீச்சல் கண்ணாடியை மாட்டி, பாறை சுரண்டும் கத்தியை இடுப்பில் செருகினாள். “ஒரு தடவை இழுத்தா நல்லா இருக்கேன்னு அர்த்தம் லா, அக்கா” என்று சொல்லி மூச்சை இழுத்துப் பிடித்து முங்கினாள். முங்குவாள், கயிறு ஆடும், மேலே வருவாள். எனக்கு உயிர் போய்ப் போய் வந்தது.

அடுத்த முறை கயிறு ஆடவில்லை. விறைத்து நின்றது. இழுத்தேன், வரவில்லை. ஐயோ முருகா! உள்ளங்கைத் தோல் உரிய உரிய இழுத்தேன். திடீரென்று கயிறு விட்டுக்கொடுக்க, மல்லாந்து விழுந்தேன். நுனியில் யாரும் இல்லை. கயிறு அறுந்திருந்தது. சுறாதான் என்று நினைத்தேன். சீனியின் ஊதிய முகம் கண்முன் வந்து நின்றது. என் அலறல் கரைக்கே கேட்டிருக்கும்.

படகின் மறுபக்கம் இருமல் சத்தம் கேட்டது. இராஜசிங்கம் பாய்ந்து போய் அவளைப் படகுக்குள் தூக்கிப் போட்டார். ஓங்கி ஓர் அறை விட்டேன். பிறகு கட்டிக்கொண்டு அழுதேன்.

“பாறையில சுத்திக்கிச்சுக்கா” என்றாள், மூச்சு வாங்க. “நீ இழுக்க இழுக்க என்னைப் பாறையோட சேர்த்து இறுக்கிடுச்சு. கத்தியால அறுத்துக்கிட்டு வந்தேன்.”

அவள் இடுப்பைச் சுற்றி ரத்தம் கன்றிய கோடு. அது நான் போட்டது.

“இனி நீங்கள்தான் சொல்ல வேணும்” என்றார் இராஜசிங்கம். “கூட்டிக்கொண்டு போறீங்களோ? போனால் இந்த இடம் வேற பிள்ளைக்குப் போயிடும்.”

நவமணி கெஞ்சவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகவாய் மட்டும் நடுங்கியது.

தேநீர் குடித்து அவள் தெளிந்தபின், கயிற்றைச் சுருட்டிப் பலகைக்கு அடியில் திணித்தேன்.

“போடி. சீக்கிரம் வந்து தொலை.”

முங்கினாள். பயம் எங்கே போகும்? கயிறில்லாத கைகள் இரண்டும் சும்மா இருக்க மாட்டேன் என்றன. அவள் தலை மேலே தெரியும்வரை என் முந்தானையையே பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.