சத்தம் நிறுத்திய படம்

சினிமாக் கொட்டகையில் பெரிய படத்துக்கு முன்னால் சர்க்கார் செய்திப்படம் ஓடும்போதெல்லாம் நெசவாளி வீரபத்திரன் பீடி பிடிக்க வெளியே வந்துவிடுகிற ஆள். அந்த மாதிரிப் படத்தைப் பள்ளிக்கூடத்தில் போட்டு, சத்தத்தை நிறுத்திவிட்டு, என்ன நடக்கிறதென்று அன்னம்மாள் டீச்சர் பிள்ளைகளையே சொல்லவைக்கிறாளாம். பேச்சு வளருமாம், பார்த்ததைப் புரிந்துகொள்ளும் திறமை வருமாம். யார் காதில் பூ சுற்றுகிறாள்?

அவன் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. கரையை வேறு நிறத்தில் சேர்த்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு ஓர் ஆள் போதாது. அவன் நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நூலைக் கொண்டுபோகும் நாடாக் கட்டையைத் தள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கை, ஐந்தாவது படிக்கும் அவன் மகள் கலாவதியுடையது. அவள் பாதி நாள் வகுப்புக்கு வராததற்குக் காய்ச்சல் என்று சொல்லிவைத்திருந்தான். டீச்சர் நம்பின மாதிரி தெரியவில்லை. படம் காட்டிப் பிள்ளைகளின் வாயைக் கிளறத்தான் இந்த ஏற்பாடு. உண்மை தெரிந்தால் கலாவதியைத் தறியிலிருந்து எழுப்பிவிடுவாள். புடவை பாதியில் நிற்கும்.

படம் காட்டும் வண்டி வந்த அன்று நெசவை நிறுத்திவிட்டுப் போய் வகுப்பு ஜன்னலோரம் நின்றான்.

"உள்ள வந்து உக்காருங்க" என்றாள் டீச்சர்.

"பரவால்லமா, இப்டியே நின்னுக்கினு பாக்கறேன்."

அந்த மரியாதைகூட அவனுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

திரையில் ஒரு பட்டுத்தறி வந்தது. ஒருவர் தனியாக உட்கார்ந்து சிரித்தபடி நெய்தார். வேண்டுமென்றே இந்தப் படத்தைக் கொண்டுவந்திருக்கிறாள் என்று வீரபத்திரன் பல்லைக் கடித்தான். பிள்ளைகள் ஆளுக்கொன்றாகக் கத்தினார்கள். வகுப்பில் வாயே திறக்காத கலாவதி எழுந்தாள்.

"டீச்சர், இதுல ஒரு ஆளு கொறையுது. கரை வேற கலரு, நடுவுல வேற கலரு. அவரு ஒருத்தரே எல்லா நாடாவும் போட முடியாது. பக்கத்துல இன்னொருத்தரு உக்காந்துக்கினு இருந்திருக்கணும். படம் புடிக்கறதுக்கு எழுப்பி உட்டுட்டாங்க."

டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இவ்ளோ பேச்சை இத்தினி நாளா எங்கமா வெச்சிருந்தே? சரி, எழுந்து போனது யாரா இருக்கும்?"

வீரபத்திரன் ஜன்னலிலிருந்து ஓர் அடி பின்வாங்கினான். கலாவதி ஜன்னல் பக்கம் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"கூலிக்கு வர்ற பெரியவரு, டீச்சர். தாடி வெச்சிருப்பாரு."

பிழைத்தோம் என்று மூச்சு விட்டான். வீட்டுக்குப் போகிற வழியில் அவன் விரலைப் பிடித்துக்கொண்டு கலாவதி கேட்டாள். "சரியா சொன்னனா, நைனா?"

அதுவரை டீச்சரைத்தான் அவன் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தான். இப்போது மகளின் முகத்தைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.