சேர்மன் வீட்டு வாங்கு

அந்த வாங்கு, உட்காருவதற்கான நீளச் சீமெந்து இருக்கை, பச்சையா சிவப்பா என்பதில் எனக்கு இப்போது நிச்சயமில்லை. வருஷம் எண்பத்தாறா எண்பத்தேழா என்பதும் அப்படித்தான். கொழும்பு வெள்ளவத்தையில் அந்த வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்த நாட்களில் நான் புத்தகங்களுக்குள்ளேயே கிடந்தவன். எதை வாசித்தேன், எதைப் பார்த்தேன் என்று பிரிப்பது கடினம். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கட்டட வேலை செய்யும் பீற்றர் மேசன் சுத்தியலோடு முன்னறையில் நின்றதும், வீட்டுக்காரர் சண்முகலிங்கம் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டதும் நடந்தவைதான்.

சண்முகலிங்கம் வடக்கில் ஒரு சிறிய பட்டினத்தின் நகரசபைத் தலைவராக இருந்தவர். தேர்தலில் தோற்ற பின், ஓய்வுகாலத்துக்கென்று கடற்கரைப் பக்கம் இந்த வீட்டைக் கட்டினார். வரைபடமும் அவருடையதே. படுக்கையறைகள் ஒடுக்கம்; சமையலறையில் இருவர் நின்றால் முட்டிக்கொள்ள வேண்டும். கீழ்வீட்டில் சரிபாதி, மனுக்கொடுக்க வருகிறவர்கள் காத்திருக்கும் முன்னறைக்குப் போயிருந்தது. கொழும்பு அரசாங்கக் கந்தோர்களில் அலுவல் பார்க்க வரும் ஊர்ச்சனம் முதலில் தன்னிடம்தான் வரும் என்று அவர் நம்பியிருந்தார். அறையின் ஒரு பக்கத்தில் இரண்டு படி உயர்ந்த மேடை. அதில் அவருடைய நாற்காலி, மேசை, தொலைபேசி. மற்ற மூன்று பக்கமும் சுவரோடு சேர்த்துக் கட்டிய சீமெந்து வாங்கு. சபைக்குக் காலையில் வந்து குந்தியவர்கள் மத்தியானம் வரை எழும்பாத அனுபவத்தில், வாங்கை முன்பக்கம் சரிவாகக் கட்டச் சொல்லியிருந்தார். உட்காருபவர் மெல்ல மெல்ல வழுக்கி வருவார். காலை ஊன்றிக்கொண்டு, வந்த விஷயத்தைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் போவார்.

யாரும் வரவில்லை. வாங்குக்கு மேலிருந்த சுவர், ஒரு தலையும் சாயாத வெள்ளையாகவே இருந்தது.

அவருடைய மனைவி நாகேஸ்வரி வாங்கை இடித்து, அறையை இரண்டாக மறித்து வாடகைக்கு விடத் தீர்மானித்தார். ஊரிலிருந்து வருகிறவர்கள் வெள்ளவத்தையில் அறை தேடி அலைந்த காலம். சண்முகலிங்கத்துக்கோ, அந்த அறை போனால் தன்னைத் தேடி ஒருவர் வந்தாலும் இருத்த இடமில்லை. சண்டை பிடித்து அலுத்து, இருவரும் பேசாமலே இருந்தார்கள். மௌனம் எனக்குப் பிடித்ததுதான். ஆனால் அந்த மௌனத்துக்குள் இருந்து என்னால் வாசிக்க முடியவில்லை.

"கொட்டாஞ்சேனையில பூசை முடிச்சுப்போட்டு நேர வாறன் அம்மா. செக்பொயின்ற்ல சுத்தியலுக்கும் விளக்கம் கேக்கிறாங்கள்," என்றார் பீற்றர். "எந்தப் பக்கத்தால உடைக்க?"

அவர் சுத்தியலை ஓங்குமுன் மயிலம்மா வாசலில் வந்து நின்றார். எங்கள் சிறு தெருவான ஒழுங்கையில் வீடு வீடாகத் துணி துவைப்பவர். மகள் துபாயில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள்.

"அம்மா, புள்ள இன்னைக்குப் பேசுறேன்னு சொல்லி அனுப்பிச்சு. இங்கன உக்காந்துக்கிறேன்."

அவருக்குப் பின்னால் ஓய்வுபெற்ற ஆசிரியர் சிவபாதசுந்தரம். அவருக்குப் பின்னால் எதிர்வீட்டு பைறோஸா. பிறகு எனக்குப் பெயர் தெரியாத பலர். ஒழுங்கையில் தொலைபேசி இருந்தது இந்த வீட்டில் மட்டும்தான்.

"மயிலம்மா, உமக்கு மட்டுந்தானே நம்பர் தந்தனான்?" என்றார் நாகேஸ்வரி.

"நான் மாஸ்டருக்கு மட்டுந்தாம்மா சொன்னேன்."

"நானும் ஒருத்தருக்குத்தான் சொன்னனான்," என்றார் மாஸ்டர்.

சத்தம் உள்ளே போயிருக்க வேண்டும். அறைக்கதவு திறந்தது. பட்டு வேட்டி, சால்வை, நெற்றி நிறையத் திருநீறு. சண்முகலிங்கம் யாரையும் பார்க்காமல் மேடையை நோக்கி நடந்தார். சரியாக அப்போது தொலைபேசி அடித்தது. வாங்கில் இருந்த எல்லோரும் ஒன்றாக எழும்பினார்கள்.

"இருங்கோ, இருங்கோ," என்றார் அவர், இரு கைகளையும் தாழ்த்தி. "ஒவ்வொருத்தராக் கேக்கிறன்."

மணி அடித்துக்கொண்டேயிருந்தது. எல்லோரும் தொலைபேசியையே பார்த்தார்கள்.

"இஞ்சாருங்கோ," என்றார் நாகேஸ்வரி, நான் அதுவரை கேட்டிராத மெல்லிய குரலில். "அந்த ஃபோனை எடுங்கோ. இவையின்ர பிள்ளையளின்ர கோல்."

அவருக்கு விளங்கிய கணத்தை நான் பார்த்தேன். சால்வையைச் சரிசெய்தார். ரிசீவரை எடுத்துக் கேட்டார். பிறகு, சபையில் பெயர் கூப்பிட்ட குரல் அதுவாகத்தான் இருக்க வேண்டும், அறை அதிர: "மயிலம்மா!"

"வந்துட்டேங்க ஐயா!"

மயிலம்மா 'சாப்டியா' என்ற ஒரே கேள்வியை விதவிதமாகக் கேட்டுக்கொண்டிருக்கையில் இணைப்பு அறுந்தது. மகள் திரும்ப எடுப்பாள் என்று வந்து உட்கார்ந்தார். வழுக்கினார். மேலே ஏறி உட்கார்ந்தார். மறுபடி வழுக்கினார்.

"சேர்மன், இது இருக்கிற வாங்கோ, பிள்ளையள் சறுக்கி விளையாடுறதோ?" என்றார் சிவபாதசுந்தரம். "மகன் நோர்வேயில சறுக்கிறான், நான் இஞ்ச."

"வாங்கில ஒரு குறையுமில்லை, மாஸ்டர். இருக்கத் தெரியவேணும்."

சண்முகலிங்கம் படியிறங்கி வந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். கட்டிய நாள் முதல் அவர் அதில் உட்கார்ந்ததேயில்லை. பட்டு வேட்டி சீமெந்தில் நிற்கவில்லை. தலைவர் சறுக்கி வருவதை எல்லோரும் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் சிரித்தது நாகேஸ்வரி. பிறகு அவரும்.

"பீற்றர், இதை உடைக்கிறது லேசோ, முன்பக்கத்தை உசத்திறது லேசோ?"

"உசத்திறது லேசு, சேர்."

சண்முகலிங்கம் மனைவியைப் பார்த்தார். நாகேஸ்வரி வாங்கு நிறைய இருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அப்ப உசத்தும். மிச்சச் சீமெந்தில குசினிப் படியையும் பாரும்," என்றுவிட்டுச் சமையலறைக்குத் தேநீர் போடப் போனார்.

அதன்பின் ஞாயிறுகளில் நானும் புத்தகத்தோடு கீழே வந்தேன். அத்தனை பேர் ஒரு மணிச் சத்தத்துக்காகப் பேசாமல் இருக்கும் அறையில் நன்றாக வாசிக்க முடிந்தது.

சண்முகலிங்கம் அந்த வீட்டிலேயே காலமானார். நாகேஸ்வரி கனடாவில் தங்கையோடு இருக்கிறார். மாஸ்டர் நோர்வேக்குப் போனார். பனியில் காலே வைப்பதில்லையாம். பைறோஸாவின் கணவர் சவூதியிலிருந்து திரும்பிவிட்டார். மயிலம்மாவின் மகளும் வந்து கொட்டாஞ்சேனையில் கடை போட்டாள், கட்டியது பீற்றர். நான் வெள்ளவத்தையில்தான், வேறொரு மாடியில். வீடு இப்போது ஒரு பல் வைத்தியரிடம். போன மாதம் பல்வலியோடு போனேன். வாங்குக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள். விளிம்பு உரிந்த இடத்தில் பச்சையும் தெரிந்தது, சிவப்பும் தெரிந்தது. மேலே சுவரில், எத்தனை முறை வெள்ளையடித்தும் மறையாமல், தலையெண்ணெய் ஊறிய வட்டங்கள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றில் தலையைச் சாய்த்துக்கொண்டு, பெயர் கூப்பிடும்வரை இருந்தேன்.