இரண்டு மணிக் கட்டம்

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் கொடுத்தாக வேண்டும். செவிலியர் கல்லூரியில் முதலாண்டை முடிக்கிற ஒவ்வொருத்தியும் 'இந்த ஓராண்டில் நான்' என்ற தலைப்பில் இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும் என்பது விதி. அதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் அந்தத் தாள் கோப்பில் சேராவிட்டால் இரண்டாம் ஆண்டுப் பட்டியலில் பெயர் ஏறாது.

பகல் பன்னிரண்டாகியும் நெட்டை தலைப்பைத் தாண்டவில்லை. வளர்த்தியைப் பார்த்து விடுதியில் வைத்த பெயர் அது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயர் புழங்குவதில்லை. எதிர்க் கட்டிலில் இருந்தவளுக்கு வானொலி என்று பெயர். ஏன் என்று கேட்க, அவளோடு அரைமணி இருந்தவர்களுக்குத் தோன்றாது.

"கேளு," என்றாள் வானொலி, தன் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "'நோயாளிகளின் புன்னகையே எனக்குக் கிடைத்த பரிசு.' எப்படி இருக்கு?"

"எந்த நோயாளி உன்னைப் பார்த்துச் சிரிச்சாங்க?"

"ஊசி போட்டுட்டு நான் கிளம்பறப்ப எல்லாரும் சிரிச்சாங்க. நீதான் கவனிக்கல." அவள் எழுந்து செருப்பைத் தேடினாள். "மூணு தாளைக் கிழிச்சுட்ட. இதை யாரு படிக்கப் போறா? எதையாவது அள்ளி விட்டுட்டு வா, சாப்பிடப் போலாம்."

"நீ போ. எனக்குப் பசிக்கல."

வானொலி போனதும் நெட்டை கதவைச் சாத்தினாள். நான்காவது தாளை எடுத்தாள். ஏழு மாதமாக யாரிடமும் சொல்லாத ஒன்று நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. அதை விட்டுவிட்டு இந்த ஆண்டைப் பற்றி எழுத அவளிடம் ஒரு வரிகூட இல்லை என்பது அன்று காலையில்தான் அவளுக்குப் புரிந்திருந்தது.

நடந்தது இதுதான். ஆண்கள் அறுவை வார்டில் ஒன்பதாம் கட்டிலுக்கு ஒரு பெயின்டர் வந்திருந்தார். இரண்டு மாடி உயரச் சாரத்திலிருந்து விழுந்தவர். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் இடது விலாவுக்குக் கீழே வலி. உள்ளே மண்ணீரல் கிழிந்திருக்கலாம் என்று டாக்டருக்குச் சந்தேகம். ஆகவே மணிக்கு ஒரு தடவை ரத்த அழுத்தமும் நாடியும் பார்த்துச் சார்ட்டில் எழுத வேண்டும். அந்த வேலை நெட்டையுடையது. மனிதர் வலியிலும் சும்மா இருக்க மாட்டார். "இந்தச் சுவருக்கு எவன் அடிச்சது? ரெண்டாவது கோட்டு போடாமலே ஏணியை மடிச்சுட்டான்," என்பார்.

ஒரு மணிக்கு 118க்கு 76, நாடி 84. அது உண்மையில் பார்த்து எழுதியது. இரண்டு மணிக்குப் போனபோது பி.பி. மெஷினைக் காணோம். பக்கத்து வார்டுக்காரர்கள் எடுத்துப் போயிருந்தார்கள். போய்க் கேட்டிருந்தால் இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அந்த வார்டு சிஸ்டர் அன்று காலையில்தான் இருபது பேர் நடுவில், "வளர்ந்த அளவுக்கு மூளை வளரலையே," என்று அவளை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். மறுபடி அந்த வாசலில் போய் நிற்க அவளுக்குக் கால் வரவில்லை. பெயின்டர் கண்ணை மூடிக் கிடந்தார். தூங்குகிறார் என்று நினைத்தாள். சார்ட்டை எடுத்து, இரண்டு மணிக் கட்டத்தில் 116க்கு 76, நாடி 84 என்று எழுதினாள்.

பழைய எண்ணையே எழுதியிருந்தால்கூட ஏதோ அசதியில் கை போய்விட்டது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லியிருக்கலாம். உண்மைபோல் தெரியட்டும் என்று இரண்டைக் குறைத்து எழுதியவளுக்கு அந்தச் சமாதானமும் இல்லை.

இரண்டரைக்கு ஷிப்ட் மாறியது. நெட்டை வேலை செய்த வார்டின் சிஸ்டர் எல்லாச் சார்ட்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். மூன்று மணிக்கு வந்த நர்ஸ் பார்த்தபோது பெயின்டர் தொப்பலாக வியர்த்துக் கிடந்தார். அழுத்தம் 80. நாடி 130. அப்படியே ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். மண்ணீரலை எடுத்தார்கள். இருபத்து மூன்று நாள் கிடந்து, எழுந்து போனார்.

மறுநாள் டாக்டர் சார்ட்டை விரித்து மாணவிகளுக்குக் காட்டினார். "பாருங்க, ரெண்டு மணிக்கு நல்லாத்தான் இருந்திருக்கார். ஒரே மணி நேரத்துல எப்படிச் சரிஞ்சிருக்கு பாருங்க." பன்னிரண்டு பேரும் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். நெட்டையும் குறித்துக்கொண்டாள்.

இத்தனையையும் அவள் ஒன்றரைப் பக்கத்தில் எழுதி முடித்தாள். சாக்குப்போக்கு எதுவும் சேர்க்கவில்லை. மடித்தால் பிரித்துப் பார்க்கத் தோன்றும், பார்த்தால் கிழிக்கத் தோன்றும் என்று மடிக்காமலே எடுத்துக்கொண்டு டியூட்டர் அறைக்கு நடந்தாள்.

டியூட்டர் மேடம் வந்த தாள்களை வரிசை எண்படி அடுக்கிக்கொண்டிருந்தார். நெட்டையின் தாளை நின்றபடியே படிக்கத் தொடங்கியவர், பாதியில் உட்கார்ந்தார். முடித்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இதை வேற யாராவது பார்த்தாங்களா?"

"இல்ல மேடம்."

"நான் என்ன எழுதச் சொன்னேன், நீ என்ன எழுதியிருக்க? இது வாக்குமூலம். இதை வாங்கிட்டேன்னா அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல. பிரின்சிபால்கிட்ட போகும், ஆஸ்பத்திரிக்குப் போகும், விசாரணை வரும். உன் வருஷம் போகும். போகட்டும், அது உன் பாடு. அந்தச் சார்ட்டுல கையெழுத்து யாரோடது?"

"வார்டு சிஸ்டரோடது."

"அவங்க ரிட்டயர் ஆக இன்னும் பதினாலு மாசம்தான் இருக்கு, தெரியுமா?"

நெட்டைக்குத் தெரியாது.

"அந்த ஆள் பொழைச்சுட்டார்ல?"

"பொழைச்சுட்டார் மேடம்."

"ரெண்டு மணிக்குப் பார்த்திருந்தா பி.பி. குறைஞ்சுதான் இருந்திருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. யாருக்கும் தெரியாது மேடம். நான் எழுதி வெச்சதுனாலதான் தெரியாம போச்சு."

மேடம் தாளை விரல் நுனியால் அவள் பக்கம் தள்ளினார். "நாலு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். அப்ப என்ன கொண்டு வந்தாலும் வாங்கிக்கறேன். இதை நான் இன்னும் பார்க்கல."

தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அந்த நேரம் பார்த்து அம்மாவிடமிருந்து போன். அம்மா சோப்புக் கம்பெனியில் பெட்டி ஒட்டுகிறவள். மதியம் பத்து நிமிஷம் ஓய்வு கிடைக்கும்.

"என்னடி, எழுதிக் கொடுத்துட்டியா? உங்க சித்தப்பாகிட்ட சொல்லிட்டேன், இனிமே அவ ரெண்டாம் வருஷம், சும்மா வாடி போடின்னெல்லாம் கூப்பிடாதீங்கன்னு."

"இன்னும் கொடுக்கலம்மா."

"ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்," என்றாள். மணியடிக்கிற சத்தம் கேட்டது. அம்மா போய்விட்டாள்.

நெட்டை நேரே ஆண்கள் அறுவை வார்டுக்குப் போனாள். சிஸ்டர் துணி அறையில் படுக்கை விரிப்புகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும், "என்ன நெட்டை, டூட்டி இல்லாத நாள்லயும் இங்கயா? உங்க விடுதியில துரத்திட்டாங்களா?" என்றார்.

அவள் நின்றபடியே சொன்னாள். சிஸ்டரின் கை ஒரு விரிப்பின் மேல் அப்படியே நின்றது. முகத்தில் ஈயாடவில்லை.

"மெஷின் எங்க இருந்துச்சு?"

"பக்கத்து வார்டுல."

"போய்க் கேட்டியா?"

"இல்ல சிஸ்டர். அந்தச் சிஸ்டர் காலைல திட்டினாங்க. மறுபடி போகப் பயமா இருந்துச்சு."

"நான் எங்க இருந்தேன்?"

"இங்கதான் இருந்தீங்க."

"இங்கதான் இருந்தேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே போய்ப் பிடுங்கிட்டு வந்திருப்பேன்." அவர் குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று நெட்டைக்குத் தோன்றியது. "சரி. இப்ப எதுக்கு வந்த?"

"இதை எழுதிக் கொடுக்கட்டுமா சிஸ்டர்? உங்க பேரும் வரும்."

சிஸ்டர் விரிப்பை உதறி மடித்தார். "கொடுன்னு நான் சொன்னா, நீ நல்ல பொண்ணாயிடுவ. வேணாம்னு சொன்னா, நான் சொல்லித்தான் விட்டுட்டேன்னு நிம்மதியா இருப்ப. எப்படிப் பார்த்தாலும் பாரம் என் தலையில. அன்னைக்கு என்னைக் கேட்டா எழுதின? இன்னைக்கும் என்னைக் கேக்காத. போ."

அவள் போகவில்லை.

"போன்னு சொன்னேன்ல. எண்ணிக்கை விட்டுப் போச்சு," என்று சிஸ்டர் முதல் விரிப்பிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினார்.

அப்போது மூன்றே கால். கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் நடுவே இருக்கிற படிக்கட்டில் நெட்டை உட்கார்ந்தாள். பதினாலு மாதம். அம்மா. சித்தப்பா. பையில் வெள்ளைத் தாள் இன்னும் இரண்டு இருந்தது. மூன்றே முக்காலுக்கு ஒன்றை எடுத்து மடியில் புத்தகத்தை வைத்து எழுத ஆரம்பித்தாள். 'இந்த ஓராண்டில் நான் பொறுமையைக் கற்றேன். பிறர் வலியை என் வலியாக உணரக் கற்றேன்.' பகல் முழுக்க வராத வார்த்தைகள் கடகடவென்று வந்தன. பத்து வரி ஆகிவிட்டது. கடியாரத்தைப் பார்த்தால் மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. பேனாவை மூடினாள். 116 என்று எழுதியபோதும் கை இப்படித்தான், எங்கும் இடறாமல் போனது.

எழுந்தாள். ஓடினால் மனசு மாறுவதற்குள் போய்விடலாம் என்று ஓடினாள். மூன்று ஐம்பதுக்கு ஒன்றரைப் பக்கத் தாளை மேடத்தின் மேஜைமேல் வைத்தாள். மேடம் அவளை நிமிர்ந்து பார்க்காமல், "அடியில தேதி போட்டுக் கையெழுத்துப் போடு," என்றார். போட்டாள். "தெளிவா போடு." மறுபடி போட்டாள். மேடம் அதை மற்ற தாள்களோடு சேர்க்காமல் தனியாக ஓர் உறையில் வைத்தார்.

வானொலிக்கு விஷயம் தெரிந்தபோது அவள் கட்டிலில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். "எங்கிட்ட சொல்லியிருந்தா தடுத்திருப்பேனே, லூசு."

"அதனாலதான் சொல்லல," என்றாள் நெட்டை.

மூன்று வாரம் கழித்து விசாரணை. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். வார்டு சிஸ்டரையும் கூப்பிட்டிருந்தார்கள். மாணவி பொய்யாக எழுதியிருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒருவர் அவருக்கு வழி எடுத்துக் கொடுத்தார். சிஸ்டர் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. "அன்னைக்கு ஏழு சார்ட்டு. ஒண்ணையும் படிக்கல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போனேன்," என்றார். அவருக்கு மெமோ கொடுத்து, வார்டிலிருந்து மருந்துக் கிடங்குக்கு மாற்றினார்கள். வாசலில் நெட்டை எதிரே நின்றபோது அவர் ஒதுங்கிப் போனார். அதற்குப் பிறகு ஒருநாளும் அவளை நெட்டை என்று கூப்பிடவில்லை.

நெட்டையை ஆறு மாதம் பின்தள்ளினார்கள். முதலாண்டு வார்டு வேலையை மறுபடி செய்ய வேண்டும்.

அன்றைக்கே பெயின்டரையும் வரவழைத்திருந்தார்கள். பதிவேட்டில் இருந்த எண் பொய் என்று அவரிடம் சொல்ல வேண்டிய கடமை மருத்துவமனைக்கு இருந்தது. அவர் மனைவியோடு அலுவலக அறையிலிருந்து வெளியே வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். தாழ்வாரத்தில் நெட்டை நின்றிருந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று வாரமாக மனசுக்குள் கோத்து வைத்திருந்தது அத்தனையும் அவர்களைப் பார்த்ததும் கலைந்துபோயிற்று.

"ரெண்டு மணிக்கே பார்த்திருந்தா வித்தியாசம் இருந்திருக்குமாம்மா?" என்று பெயின்டர்தான் கேட்டார்.

"தெரியலங்க. சத்தியமா தெரியல."

"சரி விடு," என்றார் அவர், மனைவியைப் பார்த்து.

அந்த அம்மா விடவில்லை. அவர் குரலில் கோபம்கூட இல்லை. "நான் அன்னைக்கு வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன். கண்ணாடி வழியா உன்னைப் பார்த்தேன். நீ கட்டில்கிட்ட வந்த. நின்னு எழுதின. காலையிலிருந்து பச்சைத் தண்ணிகூட இறங்கல எனக்கு. அந்தப் பொண்ணு பார்த்துட்டுப் போயிருச்சு, இனிமே பயமில்லன்னு நான் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தா கட்டில் காலி."

அவ்வளவுதான் சொன்னார். கணவரின் ஆஸ்பத்திரி ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவர் நடைக்குத் தக்கபடி மெதுவாகப் படியிறங்கினார். கடைசிப் படி வரை நெட்டை பார்த்துக்கொண்டே நின்றாள்.

மாலையில் அம்மாவுக்குப் போன் செய்தாள். ஆறு மாதம் போனது, சிஸ்டர் மாற்றப்பட்டது, இரண்டு மணி, மெஷின், பக்கத்து வார்டு, பெயின்டரின் மனைவி சொன்னது, ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். லைன் போய்விட்டதோ என்று அவள் இரண்டு தடவை "அம்மா" என்று கூப்பிட வேண்டியிருந்தது.

"இருக்கேன்," என்றாள் அம்மா. "ஆறு மாசம் கிடக்கட்டும். அந்தப் பொம்பளை சாப்பிடப் போனேன்னு சொல்லுச்சுன்னியே, அதை மட்டும் இன்னொரு தரம் சொல்லு."

பெஞ்சில் அந்த அம்மா உட்கார்ந்திருந்ததிலிருந்து நெட்டை மறுபடி சொன்னாள்.