கருத்து இல்லாத பதினான்கு பேர்

செலவு மசோதா நிறைவேறாததால் அமெரிக்க அரசாங்கத்தை இழுத்து மூடி மூன்றாவது வாரம். தொலைபேசி மணி அடித்தால் ஆர்டிஸ் குல்பெர்க் இப்போதெல்லாம் மூன்றாவது மணிக்குத்தான் எடுத்தாள். பதினான்கு வருடமாக அதை எடுத்துப் பேசுவதுதான் அவள் வேலை. விஸ்கான்சினின் வடக்குக் கோடியில், டன்வே என்ற சின்ன ஊரில், தூண்டில் புழு விற்கும் கடைக்கு அடுத்த கட்டிடத்தில், பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ராஸ் ஹெம்மரின் உள்ளூர் அலுவலகம் இருந்தது. கண்ணாடிக் கதவில் ராஸின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே இருப்பது ஆர்டிஸ் மட்டும்தான்.

வாஷிங்டனில் இழுபறி. மருத்துவக் காப்பீட்டுக்கு அரசு கொடுத்துவந்த மானியம் வருடக் கடைசியோடு முடிகிறது. அதை நீட்டித்தால்தான் செலவு மசோதாவுக்கு ஓட்டு என்று ஒரு தரப்பு. முதலில் அரசாங்கத்தைத் திறப்போம், மானியத்தைப் பிறகு பேசலாம் என்று இன்னொரு தரப்பு. ராஸ் இந்த இரண்டாவது தரப்பு. அரசியல்வாதிகளுக்கு ‘பிறகு’ என்ற சொல் ரொம்பப் பிடிக்கும். அதற்குத் தேதி போட வேண்டியதில்லை அல்லவா.

வருகிற அழைப்புகளைக் குறித்துவைக்கக் கணினியில் மூன்று பெட்டிகள். மானியம் தொடர வேண்டும் என்றால் ‘ஆதரவு’. வேண்டாம் என்றால் ‘எதிர்ப்பு’. வாய் திறந்து எதையும் சொல்லாவிட்டால் ‘கருத்தில்லை’. தொடர வேண்டுமா வேண்டாமா என்று அழைப்பவரைக் கேட்டுவிட்டுக் குறிக்க வேண்டும் என்பது விதி.

இந்த ஒரு கேள்வியில்தான் ஆர்டிஸ் வழுக்கினாள். டன்வேக்காரர்களுக்கு ‘எனக்கு இது வேண்டும்’ என்று வாயில் வராது. வீடு தீப்பிடித்தால்கூட, “உங்களுக்கு வேலை இருக்கும், தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான் பாத்தேன்” என்று தொடங்குகிற ஜனங்கள். தங்கள் கஷ்டத்தை முழுக்கச் சொல்லிவிட்டு, “ராஸுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்னு தோணிச்சு, அவ்வளவுதான்” என்று வைத்துவிடுவார்கள். முதல் இரண்டு பேரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க அவள் மறந்தே போனாள். மூன்றாவது பெட்டியில் போட்டாள். அன்று சாயங்காலம் ராஸ் கூப்பிட்டார்.

“ஆர்டிஸ், மத்த ஊர் ஆபீஸ்ல எல்லாம் என்னைக் கிழிக்கறாங்க. உன் கணக்கு ஒண்ணுதான் பாக்கறதுக்கு நல்லா இருக்கு. நீ கெட்டிக்காரி.”

அதற்குப் பிறகு அவள் மறக்கவில்லை. வேண்டுமென்றே கேட்காமல் விட்டாள்.

அவளைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். அவள் கணவன் மெர்ல் செத்துப்போன குளிர்காலத்தில், பனிப்புயலில் நான்கு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவர் ராஸ். துக்கம் கேட்டுவிட்டுப் போகாமல், கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அவள் வீட்டு வாசலில் முழங்கால் உயரம் கிடந்த பனியைத் தானே வாரிக் கொட்டினார். அந்த நன்றிக்கடனை ஆர்டிஸ் ஒரு நாளும் மறந்ததில்லை. அதை ஊரார் தலையில் ஏற்றித்தான் தீர்க்கிறோம் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நோரீன் பால்வெக் கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். கணவன் கார்டியோடு அறுபது கறவை மாடுகள் வைத்துப் பால் பண்ணை நடத்துகிறாள்.

“ஹெம்மர் ஆபீஸ், ஆர்டிஸ் பேசறேன்.”

“தெரியும்டி. ஆனா இன்னிக்கு உன் சிநேகிதியா கூப்பிடல, ஓட்டுப் போட்டவளா கூப்பிடறேன். எழுதிக்கோ.”

“அடேயப்பா! சரிங்க மேடம், சொல்லுங்க மேடம்.”

நோரீன் சிரிக்கவில்லை. “இன்சூரன்ஸ்காரன் கடுதாசி போட்டிருக்கான். ஜனவரிலேர்ந்து ரெண்டரை மடங்கு. எங்க ரெண்டு பேருக்கும் சேத்துக் கட்டவே முடியாது. கார்டிக்கு நெஞ்சுல ரெண்டு குழாய் வச்சிருக்கு, அவனோடதை விட முடியுமா? அதனால என்னோடதை விட்டுடலாம்னு இருக்கேன்.”

“உனக்கென்னடி, நீ குதிரை மாதிரி இருக்கே.”

மறுமுனையில் எங்கேயோ ஒரு மாடு கத்தியது.

“இடது மார்புல ஒரு கட்டி இருக்கு ஆர்டிஸ். கோடையிலேர்ந்து. கார்டிக்குத் தெரியாது. இப்பப் போய்க் காட்டி, அது இதுன்னு சொல்லிட்டாங்கன்னா, ஜனவரிக்கு அப்புறம் வைத்தியத்துக்கு எங்கே போறது? காட்டாம இருந்தா ஒண்ணும் இல்லைன்னு நினைச்சுக்கலாம் இல்ல?”

“அசடு மாதிரி பேசாதே. நாளைக்கே போய்க் காட்டு.”

“மானியம் இருக்கும்னு தெரிஞ்சா போவேன். ராஸ்கிட்ட சொல்லு. எங்க வீட்டு மேஜையில உக்காந்து சாப்பிட்ட மனுஷன்தானே. கார்டி காதுக்குப் போகக் கூடாது. ராஸுக்கு மட்டும். அவருக்குத் தெரிஞ்சிருக்கட்டும்னு தோணிச்சு, அவ்வளவுதான்.”

“கண்டிப்பா அவர்கிட்ட சொல்லிடறேன்” என்றாள் ஆர்டிஸ். எல்லாருக்கும் சொல்கிற அதே வாக்கியம்.

பதினோரு நிமிடம் பேசியிருந்தார்கள். நோரீனுக்கு என்ன வேண்டும் என்று பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும். ஆனால் ‘தொடர வேண்டும்’ என்று அவள் சொல்லவில்லை, ஆர்டிஸும் கேட்கவில்லை. கை தானாக மூன்றாவது பெட்டிக்குப் போனது. ராஸிடம் நேரிலேயே சொல்லிவிடலாம், பெட்டியில் என்ன இருக்கிறது என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். சாயங்காலம் ராஸ் கூப்பிட்டு, “நம்ம பக்கம் எப்படி?” என்று கேட்டார். குரலில் களைப்பு. “அமைதியாத்தான் இருக்கு” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மதுக்கூடத்தில் மீன் வறுவல். ஊர் முழுக்க அங்கேதான் இருக்கும். ஆர்டிஸும் நோரீனும் கார்டியும் வழக்கமான மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். மேலே தொலைக்காட்சியில் ராஸின் முகம் வந்ததும் யாரோ சத்தத்தைக் கூட்டினார்கள்.

“என் ஜனங்களை எனக்குத் தெரியும்” என்று ராஸ் சொல்லிக்கொண்டிருந்தார். “சின்ன ஊர்களிலிருந்து வந்த அழைப்புகளை எண்ணிப் பார்த்தோம். மானியத்தைப் பற்றிப் பெரும்பாலானவர்களுக்குக் கருத்தே இல்லை. அவர்கள் கேட்பதெல்லாம் அரசாங்கத்தைத் திற என்பதுதான்.”

கார்டி முட்டைக்கோஸை மென்றுகொண்டே, “கருத்தே இல்லையாம். ஃபோன் பண்ணி என்ன, சமையல் குறிப்பு கேட்டாங்களாமா?” என்றான். பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். ஆர்டிஸ் தன் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

கிளம்பும்போது கோட்டு மாட்டுகிற இடத்தில் நோரீன் அவள் கையைப் பிடித்தாள். “என்னை எதுலடி போட்டே?”

“ஆதரவுலதான். வேற எதுல போடுவேன்?”

“ராஸ்கிட்ட சொன்னியா?”

“சொன்னேன்.”

“என்ன சொன்னாரு?”

“யோசிக்கறேன்னாரு.”

நோரீனின் முகம் தெளிந்தது. “திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டு நேரம் கேக்கறேன்” என்று காதோரமாகச் சொல்லிவிட்டுப் போனாள். ஒரு மூச்சில் மூன்று பொய். ஆர்டிஸ் வண்டியில் உட்கார்ந்து சாவியைத் திருகாமல் வெகுநேரம் இருந்தாள். தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் ராஸைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பெட்டி விஷயம் வெளியே வரும்.

அடுத்த செவ்வாய் பதினோரு மணிக்கு, காலைக் கறவை முடிந்த நேரமாகப் பார்த்து, தீயணைப்பு நிலையத்தில் ராஸ் கூட்டம் போட்டார். வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஓரத்து மேஜையில் காபியும் பெண்கள் கொண்டுவந்த பூசணிக் கேக்கும். முன்னால் ஒரு முக்காலித் தாங்கியில் பெரிய அட்டை, அதன்மேல் துணி. வாஷிங்டனில் அட்டை இல்லாமல் இவர்களுக்குப் பேச வராது. ஊருக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் விடுவதில்லை.

நோரீனும் கார்டியும் மூன்றாவது வரிசையில் இருந்தார்கள். நோரீன் ஆர்டிஸைப் பார்த்துக் கையசைத்தாள். ராஸ் துணியை எடுத்தார்.

‘டன்வே: மொத்த அழைப்புகள் 14. ஆதரவு 0. எதிர்ப்பு 0. கருத்தில்லை 14.’

ஊர்வாரியாகப் பிரித்து அட்டை அடித்துவிடுவார்கள் என்று ஆர்டிஸ் கனவிலும் நினைக்கவில்லை. இங்கேயும் அங்கேயுமாகத் தலைகள் ஒன்றையொன்று திரும்பிப் பார்த்தன. கூப்பிட்டவர்கள் எல்லாரும் அங்கேதானே இருந்தார்கள். தபால்காரர் வீட்டம்மா, பேருந்து ஓட்டுகிறவர், முடிதிருத்துகிறவள். ஆனால் யாரும் எழுந்து கேட்கவில்லை. கேட்டால் அடுத்தவருக்குச் சங்கடம் என்று நினைக்கிற ஊர்.

“இது நான் சொல்ற கணக்கு இல்ல” என்றார் ராஸ். “ஒவ்வொரு ஃபோனையும் எடுத்தது நம்ம ஆர்டிஸ். உங்களுக்கு என் மேல நம்பிக்கை இல்லைன்னாலும் அவ மேல இருக்கும். ஆர்டிஸ், சொல்லு. இதுதானே கணக்கு?”

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. இல்லை என்று சொல்ல ஒரே ஒரு வார்த்தை போதும். அவள் நோரீனைப் பார்க்கவில்லை. ராஸின் காலணிகளைப் பார்த்துக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினாள்.

நோரீன் எழுந்து நின்றாள்.

“நோரீன்! சொல்லும்மா, என்ன கேக்கணும்?” என்றார் ராஸ், முகமெல்லாம் சிரிப்பாக.

“ஒண்ணும் இல்ல ராஸ். எனக்குத்தான் கருத்தே கிடையாதே. அட்டையிலேயே போட்டிருக்கு.”

அவள் குரல் உயரவில்லை. கண் மட்டும் ஆர்டிஸ் மேல் இருந்தது. கார்டி ஒன்றும் புரியாமல், “என்ன நோரீன்? நீ எப்போ கூப்பிட்டே?” என்று கேட்டான். “சும்மாதான். நீ வா, மாட்டுக்குத் தீவனம் இறக்கணும்” என்று சொல்லிவிட்டு, மேஜைமேல் இருந்த தன் கேக் தட்டை, பாதிக்கு மேல் மிச்சம் இருந்ததை, மூடி எடுத்துக்கொண்டு வெளியே போனாள். இந்த ஊரில் கொண்டுவந்த பண்டத்தை யாரும் பாதியில் திருப்பி எடுத்துப் போக மாட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

கூட்டம் கலைந்ததும் ராஸ் அவளை ஓரமாக அழைத்தார். “நோரீனுக்கு என் மேல என்ன கோபம்? ஒரு வார்த்தை ஃபோன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே.”

“பண்ணினா” என்றாள் ஆர்டிஸ். “பதினோரு நிமிஷம் பேசினா.” பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கட்டியைச் சொன்னாள், காப்பீட்டைச் சொன்னாள், கேட்காமல் விட்ட கேள்வியைச் சொன்னாள். “நான்தான் பண்ணினேன் ராஸ். பதினாலு பேருக்கும்.”

ராஸின் முகம் நிஜமாகவே வாடியது. அவர் கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம். “அடப் பாவமே, நோரீனா?” என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு அவர் கண் முக்காலிப் பக்கம் போனது.

“இப்ப மாத்த முடியாது ஆர்டிஸ். நேத்தே டிவிக்காரங்களுக்கு அனுப்பியாச்சு. மாத்தினா நான் பொய் சொன்னேன்னு ஆயிடும். ஒண்ணு பண்ணு, அவளுக்கு என் பேர்ல ஒரு கடுதாசி எழுது. கையால எழுதினதாவே இருக்கட்டும்.”

“கடுதாசி வேண்டாம். கார்டி பிரிப்பான்.”

“அப்ப வேற ஏதாவது பாக்கலாம். பிறகு பேசுவோம்” என்று அவள் தோளைத் தட்டிவிட்டு அட்டையை மடக்கி எடுத்துக்கொண்டு போனார்.

ஆர்டிஸ் வண்டியில் உட்கார்ந்தாள். ராஸின் வாஷிங்டன் அலுவலகத்தின் பொது எண்ணை, ஊர்க்காரர்கள் அழைப்பது போலவே, அழுத்தினாள். யாரோ புதுப் பெண் எடுத்தாள். மசோதாவின் எண்ணைச் சொல்லி, பெயரையும் ஊரையும் சொல்லி, “மானியம் தொடரணும். எனக்கு வேணும். அப்படியே எழுதும்மா” என்றாள் ஆர்டிஸ். ஐம்பத்தெட்டு வயதில் அப்படிச் சொல்வது அவளுக்கு அதுதான் முதல் தடவை. மறுமுனையில் ஒரு தட்டல் கேட்டது.

“போட்டுட்டேங்க. ஆதரவு ஒண்ணு.”

“இன்னும் ஒண்ணு போடணும். நோரீன் பால்வெக். அவளும் ஆதரவு.”

“மன்னிச்சுக்கோங்க மேடம், ஒருத்தருக்காக இன்னொருத்தர் சொல்ல முடியாது. அவங்களே கூப்பிடணும்.”

“அவ கூப்பிட்டா.”

“எப்பங்க? யாரு எடுத்தாங்க?”

ஆர்டிஸ் வண்டியின் முன்கண்ணாடி வழியே பார்த்தாள். சாலையின் கோடியில், கடையில் தீவன மூட்டை ஏற்றிக்கொண்டு, நோரீனின் லாரி இப்போதுதான் பண்ணைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அந்தத் திருப்பத்தில் திரும்பாமல் நேராகப் போனால் ஆஸ்பத்திரி.

“மேடம்? இருக்கீங்களா? அவங்களைக் கூப்பிடச் சொல்லுங்க, நான் கண்டிப்பா உறுப்பினர்கிட்ட சொல்லிடறேன்.”